இலை அசையாத நாட்கள்

எங்கள் வீட்டுக்குப் படிகள் இருபத்திரண்டு. கல்கத்தாவின் தென்பகுதியில், ஒரு குறுகலான சந்தில், முதல் மாடியில் குடியிருந்தோம். அறுபதுகளின் நடுப்பகுதி. கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் மாலையில், காய்கறிப் பையுடன் ஏறிவந்த என் மனைவி கோமதி ஒன்பதாவது படியில் நின்றாள். பிறகு பதினைந்தாவது படியில் நின்றாள். மேலே வந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லங்க, பை கனம்" என்றாள்.

பையை வாங்கிப் பார்த்தேன். ஒரு கட்டுக் கீரையும் நான்கு கத்தரிக்காயும் இருந்தன.

அன்றைய நாட்குறிப்பில், "கோமதி படியில் இருமுறை நின்றாள். 9, 15" என்று எழுதினேன். நோயின் முதல் நாளைக் குறித்துவைக்கிறேன் என்று அப்போது தெரியாது. அவளுக்கு வயது இருபத்தொன்பது.

மூச்சு நோய் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களைவிட, அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஒழுங்கானவன். ஒரு நாள்கூட விடாமல் குறிப்பெழுதியவன். அப்படிப்பட்டவன் எங்கே தவறினான் என்பது உங்களில் யாருக்காவது உதவலாம்.

நாங்கள் இருவரும் திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையை ஒட்டிய ஊர்கள். கோமதி என் தாய்மாமன் மகள். அவள் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் காட்டு வேலைக்கும் களத்து வேலைக்கும் போனவள். நான் அருப்புக்கோட்டையில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு, அந்தக் காலத்துப் பல தென்னாட்டு இளைஞர்களைப்போலக் கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் மேசை பிடித்தேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

எங்கள் பக்கத்தில் தூசி என்றால் அது காற்றோடு வருவது. ஆடி மாதம் மேற்கேயிருந்து அடிக்கிற காற்று கரிசல் மண்ணையும் செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். தண்ணீர்ப் பானைக்குத் துணி கட்டுவோம். சோற்றில் மண் நறநறக்கும். காற்று நின்றால்தான் கதவைத் திறந்துவைப்போம். காற்று கெட்டது, அசைவில்லாத மாலை நல்லது என்ற எண்ணம் எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தராமலே வந்துவிடும். கல்கத்தாவுக்குப் போன பெட்டியில் அதையும் வைத்துக் கொண்டுபோனேன்.

எங்கள் சந்து முனையில் ஒரு வங்காளி டாக்டர் இருந்தார். மார்பில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, மூச்சுக்குழாய் அழற்சி (நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்களின் உட்புறம் வீங்கிச் சளி கட்டுவது) என்றார். மாத்திரைகள் கொடுத்தார். இரண்டு கட்டளைகள் இட்டார். ஒன்று, தூசி படக்கூடாது. இரண்டு, தினமும் திறந்த வெளியில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யும் ஒரு சோதனையையும் சொல்லிக்கொடுத்தார். ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்து, நோயாளியின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். உதட்டைக் குவிக்காமல், வாயைத் திறந்தபடியே ஊதி அதை அணைக்க வேண்டும். அணைந்தால் மூச்சுக்கு வேகம் இருக்கிறது. அணையாவிட்டால் இல்லை.

மறுநாள் நீளமான நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். ஆறு பத்திகள். தேதி, காற்று, மழை, படியில் நின்ற தடவைகள், குச்சி, மூச்சு முட்டாமல் சாய்ந்து படுக்க வைத்த தலையணைகள். டாக்டரிடம் காட்டத் தோதாகத் தலைப்புகளை ஆங்கிலத்தில் எழுதினேன். காற்றை அளக்க என்னிடம் கருவி இல்லை. அடுத்த வீட்டுத் தென்னைமரம் இருந்தது. கீற்று அசையவில்லையென்றால் பூஜ்யம். நுனி மட்டும் அசைந்தால் ஒன்று. கீற்று முழுதும் அசைந்தால் இரண்டு. மரமே ஆடினால் மூன்று. நோட்டின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் மிச்சமிருந்தது. கோமதி ஏதாவது சொன்னால் அங்கே தமிழில் குறித்துவைப்பேன். அதற்குத் தலைப்பு கிடையாது.

டாக்டரின் இரண்டு கட்டளைகளையும் நான் தப்பாமல் நிறைவேற்றினேன். மரம் ஆடும் நாட்களில் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகிவிட்டு அலுவலகம் போவேன். கீற்று அசையாத நாட்களில், மாலை ஆறு மணிக்கு அவளைப் பக்கத்திலிருந்த ஏரியின் கரைக்கு நடக்க அழைத்துப்போவேன்.

அந்த நேரத்தில் எங்கள் சந்து எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. பழைய வாளியில் மண் பூசிச் செய்தது. மாலையில் அதைத் தெருவில் கொண்டுவந்து வைத்துப் பற்றவைப்பார்கள். கரி கனன்று புகை அடங்கிய பிறகு உள்ளே தூக்கிப்போவார்கள். கோடையில் அந்தப் புகை எழும்பிப் போய்விடும். குளிர்காலத்தில் போகாது. முதல் மாடி உயரத்தில் விரித்த வேட்டி மாதிரி படுத்துக்கிடக்கும். தெருவிளக்குகள் மஞ்சள் உருண்டைகளாகத் தெரியும். ஏரியின் மேலும் அது மெல்லப் பரவிவரும். தூரத்து மரங்களின் அடிப்பாகம் மறைந்து, தலைகள் மட்டும் மிதக்கும்.

அது பார்க்க அழகாக இருந்தது. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்: "ஏரி கண்ணாடிபோல. காற்று 0. நல்ல மாலை."

முதல் குளிர்காலத்தில் கோமதி நூறு அடி நடந்து ஒருமுறை நிற்பாள். மூன்றாவது குளிர்காலத்தில் அறுபது அடிக்கு ஒருமுறை நின்றாள். நிற்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள்.

"எண்ணிக்கிட்டே வாரீகளா?"

"ஆமா."

"நல்லா எண்ணுங்க. மேல போனதும் எத்தன அடி நடந்தேன்னு சித்திரகுப்தன் கேப்பான். எனக்குக் கணக்கு வராது. நீங்கதான் வந்து சொல்லணும்."

"பேசாத. மூச்சு வாங்கும்."

"பேசாட்டாலும் வாங்குது. பேசிட்டாவது வாங்கட்டும்."

சிரிக்கும்போது இருமல் வந்துவிடும். இருமல் நின்றதும் திரும்ப நடப்போம்.

அந்த ஊரில் சித்திரை, வைகாசியில் வடமேற்கேயிருந்து திடீரென்று புயற்காற்று கிளம்பும். ஒரு நாள் நான் வீடு திரும்பும்போது தென்னைமரம் பேயாடிக்கொண்டிருந்தது. வீட்டில் கோமதியைக் காணோம். மொட்டைமாடியில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தலைமுடி பறக்க, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நின்றாள். பலகணிகளில் துணிகள் கிழிபடும் சத்தம் கேட்டது. கையைப் பிடித்துக் கீழே இழுத்துவந்தேன்.

"விடுங்க. இன்னிக்குத்தான் நெஞ்சு லேசா இருக்கு. காத்தடிச்சா எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"அடிக்கிறது பூராத் தூசி. உனக்கு எத்தனை தடவை சொல்ல? டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டரு நெஞ்சுலயா அடைக்குது? என் நெஞ்சுல்ல."

அதுவரை அவளை அப்படி வைததில்லை. அன்றைக்கு வைதேன். பிறகு குச்சி வைத்துப் பார்த்தேன். ஒரே ஊதலில் அணைந்தது. 'குச்சி' பத்தியில் சரிக்குறி போட்டேன். ஓரத்தில் எழுதினேன்: "மாடியில் நின்றாள். சொல் கேட்கவில்லை. காற்றடித்தால் நல்லாயிருக்கிறதாம்."

'தாம்' என்று முடித்திருக்கிறேன். அந்த இரண்டு எழுத்துக்காக இன்றும் என் கையைப் பார்க்கிறேன்.

நான்காவது குளிர்காலத்தில் அவள் உதடு நீலம் பாய்ந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை ஊசியால் மெல்ல மெல்ல ரத்தத்தில் ஏற்றினார்கள். ஆறாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். அங்கே தலைமை டாக்டர், நரைத்த மீசை வைத்தவர், என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தன்னிடம் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். ஸ்டிரெச்சர் வண்டிகள் போவதற்காக இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். நோட்டைத் திறந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சிலால் வட்டங்கள். காற்றுப் பத்தியில் பூஜ்யம் இருந்த இடங்களையெல்லாம் வட்டமிட்டிருந்தார். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு கோடு குச்சிப் பத்திக்குப் போனது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, அங்கே பெருக்கல்குறி. அணையவில்லை.

"இவ்வளவு நல்ல பதிவை நான் பார்த்ததில்லை" என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் நீங்கள் இதைப் படிக்கவில்லையே."

அவர் விளக்கியதை என் மொழியில் தருகிறேன். குளிர்கால மாலையில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழேயே கிடக்கும். அதன் மேலே வெதுவெதுப்பான காற்று பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல நிற்கும். பெரிய நகரம் மாலை முழுவதும் வெளியேற்றுகிற புகை அந்த மூடியைத் தாண்டிப் போக முடியாது. காற்றடித்தால் மூடி விலகும். மழை பெய்தால் புகை கழுவிக்கொண்டு இறங்கும். இரண்டும் இல்லாத நாளில் ஊர் தன் புகையைத் தானே சுவாசிக்கும்.

"காற்றில் தூசி வருமே, டாக்டர்?" என்று கேட்டேன்.

"மண் தூசி பெரியது. அதில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துவைத்துத் துப்பிவிடும். கரிப்புகையில் இருப்பது கண்ணுக்கே தெரியாத பொடி. நுரையீரலின் கடைசிப் பைவரை போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் காற்றுக்குப் பயந்திருக்கிறீர்கள். காற்று இல்லாததற்குப் பயந்திருக்க வேண்டும். பூஜ்யம் போட்ட இந்த மாலைகளில் உங்கள் மனைவி எங்கே இருந்தார்?"

சொன்னேன். அவர் சிவப்பு வட்டங்களை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். நோயின் பெயரையும் சொன்னார். எம்பிசீமா (நுரையீரலின் சிறு காற்றுப் பைகள் கிழிந்து ஒன்றோடொன்று சேர்ந்து, தளர்ந்த பெரிய பைகளாகிவிடுவது). கிழிந்தது ஒட்டாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். "ஊருக்கு அழைத்துப்போங்கள். எவ்வளவு வறண்ட ஊரானாலும் பரவாயில்லை."

ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தவை என்ன என்று போகும்போது கேட்டார். "ஒன்றுமில்லை, என் மனைவி சொன்னவை" என்றேன். அவர் படிக்க முடியாமல் போனது அந்த ஓரம் ஒன்றுதான். அவர் இரண்டு நாளில் கண்டுபிடித்தது அங்கே ஏறக்குறைய இரண்டு வருடமாக எழுதியிருந்தது.

கட்டிலருகே போனதும் கோமதி கேட்டாள்: "டாக்டரு என்ன சொன்னாரு?"

"ஊருக்குப் போகச் சொன்னார்."

"நோட்ட வாங்கி வச்சிருந்தாரே. அதுல என்ன பாத்தாரு?"

"கையெழுத்து நல்லாயிருக்குன்னார்."

"அதுக்கு ரெண்டு நாளா?" என்று சிரித்தாள். நான் பையில் சாமான்களை அடுக்கத் தொடங்கினேன்.

சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். அவள் மனம் நோகும் என்பது காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமோ என்று பயந்தேன்.

வேலையை விட்டேன். அருப்புக்கோட்டையில் நான் படித்த தட்டச்சு நிலையத்திலேயே சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. முதலில் அந்த ஊரில் வீடு பார்த்தேன். கிடைத்த வீட்டுக்கு இருபுறமும் தறிகள். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பங்கள், நல்ல மனிதர்கள். ஆனால் மாலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்தபோது அதில் பஞ்சுத் தூசி மிதப்பதைப் பார்த்தேன். வேண்டாம் என்று வந்துவிட்டேன். கோமதியின் அண்ணன் முத்தையா தன் வீட்டின் கிழக்கு அறையைக் கொடுத்தார். நான் பஸ்ஸில் போய்வந்தேன்.

அங்கேயும் அடுப்புப் புகை இருந்தது. முத்தையாவின் மனைவி செல்லத்தாய் வீட்டுக்குள்ளேதான் வேலிக்கருவேல விறகு வைத்து எரிப்பாள். அடுப்பை வெளியே போட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நல்லாருக்குண்ணே" என்றாள் செல்லத்தாய். "ஊரு உலகத்துல வாசல்ல வச்சுப் பொங்குறது பொங்கலன்னிக்குத்தான். எங்க வீட்டுல மட்டும் தெனமும் பொங்கலா?"

"தெனமும் பொங்கல்னா ஒனக்கென்ன வலிக்குதா?" என்றார் முத்தையா. "கரும்பு மட்டும் கேட்டுராத."

மறுநாளே அவள் மண் குழைத்து வேப்பமரத்தடியில் அடுப்புப் போட்டாள். எந்தப் பக்கம் போட வேண்டும் என்பதைக் கோமதிதான் சொன்னாள். மேற்கேயிருந்து காற்று வரும் மாதங்களில் மரத்துக்குக் கிழக்கே, திரும்பும் மாதங்களில் மேற்கே. எனக்கு நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தே சொன்னாள். அதை நான் கவனித்தேன். ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆடி வந்தது. மண் பறந்தது. நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. தும்மினாள், தொண்டை கமறிற்று, கண் சிவந்தது. மூச்சு மட்டும் நன்றாக இருந்தது. மூன்று தலையணை இரண்டாயிற்று. குச்சி பெரும்பாலான நாட்களில் அணைந்தது. வீட்டிலிருந்து கண்மாய்க்கரை வரை நூற்றிருபது அடி. இரண்டே தடவை நின்று போய்வந்தாள்.

முத்தையாவுக்கு என் நோட்டு வேடிக்கையாகிவிட்டது.

"மச்சான், இன்னிக்குக் காத்து எத்தன மார்க்கு?"

"மூணு."

"அப்ப பாஸு. ஏ தங்கச்சி, நீ பாஸாயிட்டயாம். மிட்டாய் வாங்கிக் குடு."

அருப்புக்கோட்டை டாக்டர் அவளை எடைபோட்டுப் பார்த்தார். கூடியிருந்தது. "நம்பிக்கையா இருங்க. ஆனா கிழிஞ்சது கிழிஞ்சதுதான், அதையும் மறந்துராதீங்க" என்றார். முதல் வாக்கியத்தை மட்டும் நோட்டில் எழுதினேன்.

தை மாதம் குதிரைவாலி அறுத்துக் களத்தில் அடித்திருந்தார்கள். அன்று தூற்றுகிறார்கள் என்றதும் கோமதி தானும் வருவதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். குதிரைவாலியின் சுணை (தானியத்தோடு ஒட்டியிருக்கும் அரிப்புத் தூள்) நல்ல உடம்பையே பாடாய்ப் படுத்தும்.

"நான் எங்க ஒக்காரணும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

களத்துக்குக் கிழக்கே, காற்று வருகிற பக்கத்தில், ஒரு கருவேல மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முத்தையா சுளகைத் தலைக்கு மேலே தூக்கிச் சரித்தார். தானியம் நேராகக் கீழே விழுந்தது. பதரும் சுணையும் தூசியும் புகைபோலப் பிரிந்து மேற்கே போயின. எங்கள் பக்கம் ஒரு துகள்கூட வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் காற்று நின்றது.

போய்க்கொண்டிருந்த தூசி அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கி, களத்தைச் சுற்றிப் பரவி, முத்தையாவின் தலையில், தோளில், வாயில் படிந்தது. "ஏலே, நிறுத்துங்கடா! காத்துச் செத்துப்போச்சு!" என்று சுளகைப் போட்டுவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு எங்கள் பக்கமாக ஓடிவந்து, தள்ளி நின்று துப்பினார்.

கோமதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பாத்தீகளா? இதான கல்கத்தா."

நான் களத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆறு மணிக்கு அங்க இப்பிடித்தான் நிக்கும். எங்கயும் போகாது. நம்ம தலையிலயே எறங்கும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் வருசமே. மாடியில நின்னு சொன்னேனே. நீங்க வையிறதுலயே இருந்தீக."

"அந்தச் சிவப்பு வட்டம்…" என்று தொடங்கினேன்.

"ரயில்லயே பாத்துட்டேன். நீங்க தூங்குனப்ப எடுத்துப் பாத்தேன். இங்கிலீசு தெரியாட்டி என்ன, முட்டையும் பெருக்கலும் தெரியாதா? நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."

ஒரு வருடமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறேன். அவளும் ஒரு வருடமாகக் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

"தெரிஞ்சும் ஏன் என் கூட நடக்க வந்த, கோமதி?"

தரையில் கிடந்த குச்சி ஒன்றை எடுத்து உடைத்தாள்.

"காலையில எட்டு மணிக்குப் போவீக. சாயங்காலம் வருவீக. வந்ததும் நோட்டு. அப்புறம் சாப்பாடு, தூக்கம். பகல் பூரா எனக்குப் பாஷ தெரியாத ஊருல அந்தத் தென்னமரத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன். அந்த ஏரிக்கர ஒண்ணுலதான் என் கூட நடந்தீக. கையக் குடுத்தீக. அதையும் வேண்டாம்னு சொல்லிட்டா, அப்புறம் எனக்கு என்னதாங்க இருந்துச்சு?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்னைப் பார்க்காமல் களத்தைப் பார்த்தாள்.

"விடுங்க. காத்து வந்துருச்சு பாருங்க."

கருவேலங்கிளை அசைந்தது. முத்தையா சுளகை எடுத்துக்கொண்டு திரும்பப் போனார்.

வீட்டுக்கு வந்து, நோட்டில் அவள் சொன்னதை எழுத உட்கார்ந்தேன். ஓரத்தில் இடம் போதவில்லை. அப்போதுதான் அந்த நோட்டின் குறை என் கண்ணில் பட்டது. ஆறு பத்திகளில் நோயாளி சொல்வதற்கென்று ஒரு பத்தி இல்லை. பின்பக்கம் திருப்பி முழுப் பக்கமும் எழுதினேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தாள். அதை நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். தட்டச்சு நிலையத்திலிருந்து வந்ததும் நோட்டை எடுக்கமாட்டேன். முதலில் அவளிடம் உட்காருவேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டு, சொல்வதைச் சொல்கிறபடியே கேட்பேன். கண்மாய்க்கரைக்குப் போக வேண்டுமா, வேண்டாமா என்பதை அவளே தீர்மானிப்பாள். அவள் சொன்ன நாட்களில் தவறு நேரவில்லை.

ஆனால் பைகள் கிழிந்தது கிழிந்ததுதான். இரண்டாவது சித்திரையில் கால்கள் வீங்கின. இருதயத்தின் வலதுபக்கம் களைத்துவிட்டது (நுரையீரல் கெட்டால், அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி அந்தப் பக்கம் ஓய்ந்துபோகும்) என்றார் அருப்புக்கோட்டை டாக்டர். மதுரைக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து மாற்றிக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்து, திரும்ப வந்தது. நூற்றிருபது அடி எண்பதாயிற்று. எண்பது நாற்பதாயிற்று. பிறகு வாசல்வரை. பிறகு கட்டில்.

ஆடி மாதத்து ஒரு நாள் காலையில், வேப்பமரம் வேரோடு பிடுங்கிக்கொள்வதுபோல ஆடிற்று. மூன்று. அவளுக்கு நல்ல நாளாக இருக்க வேண்டும். எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். கதவைத் திறந்து கல்லை முட்டுக்கொடுத்தேன். காற்று அறைக்குள் வந்து சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் புரட்டிற்று. அவள் முகத்தில் முடி பறந்தது. காற்று அவள் முகம்வரை வந்தது. உள்ளே போகவில்லை.

பழக்கத்தில் தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"குச்சிய வீணாக்காதீக" என்றாள். "இந்தக் காத்துல அதுவா அணைஞ்சிரும். அப்புறம் நான் பாஸுன்னு எழுதிருவீக."

செல்லத்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாலை மூன்று மணிக்கு அவள் இறந்தாள். என் முழங்கையைப் பிடித்திருந்தாள், ஏரிக்கரையில் பிடித்ததுபோல. அன்றைய பக்கத்தில் தேதி இருக்கிறது. காற்று 3 என்று இருக்கிறது. மற்றவை வெறுமை.

இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பெரிய நகரத்தில் இருந்தால், குளிர்காலத்தில் காற்று நின்ற மாலைகளில் நோயாளியை வெளியே கூட்டிப்போகாதீர்கள். வெயில் ஏறி, புகை கலைந்த பிறகு போங்கள். குறிப்பெழுதுங்கள், அது உதவும். ஆனால் முதல் பத்தியில் நோயாளி சொல்வதை எழுதுங்கள். தேதிகூட அதற்குப் பிறகு வரட்டும்.

அவர்களோடு நடக்க வேண்டும் என்று தோன்றினால், நடப்பதற்குக் காரணம் தேடாதீர்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாலும் போதும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருப்பாள், நான் கேட்டிருந்தால்.

எனக்கு இப்போது நுரையீரலில் குறையில்லை என்று டாக்டர் சொல்கிறார். இருந்தாலும் காற்று நின்றால் எனக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. பஸ்ஸில், வகுப்பில், சாப்பிடும்போது, கழுத்தின் பின்புறம் ஏதோ கனக்கும். தலையைத் தூக்கிப் பார்ப்பேன். மரம் அசையாமல் நிற்கும். மாதங்களின் பெயர் சில சமயம் மறந்துபோகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்து வருடத்தில் எங்கே இருக்கிறேன் என்று கண்டுபிடிக்கிறேன்.

மாலை ஆறு மணி ஆனால் கால்கள் எழுந்துவிடுகின்றன. கண்மாய்க்கரைக்குப் போகிறேன். நாற்பது அடி நடந்ததும் நின்றுவிடுகிறேன். எனக்கு மூச்சு வாங்குவதில்லை. நிற்கத் தேவையும் இல்லை. உடம்பு அவள் நடையைக் கற்றுக்கொண்டுவிட்டது, அதை மறக்க மாட்டேனென்கிறது. நிற்கும்போது இடது முழங்கையைச் சற்று வெளியே நீட்டி வைத்திருப்பதாக முத்தையா ஒரு நாள் சொன்னார். எனக்குத் தெரியாது.

நேற்றும் போனேன். மார்கழி. தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. கரையிலிருந்த எருக்கஞ்செடியின் ஓர் இலைகூட அசையவில்லை. நாற்பதாவது அடியில் நின்றேன். காற்று வரும்வரை நின்றுகொண்டிருந்தேன்.